பந்தைப் பரணில் வைக்க வேண்டுமா?



சென்ற மாதம் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்கு என்னைக் காண வந்த ஒரு தாய், "சாமி, மகளுக்கு வரன் கூடி வருகிறது. இனிக் கூடைப்பந்து வேண்டாமென நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். கல்லூரி அணியில் ஆடும் அம்மகள் தலைகுனிந்து நின்றாள். நான் அவ்விருவருக்கும் அனிதா பால்துரையைப் பற்றிக் கூறினேன்.

1985-இல் சென்னையில் பிறந்த இவர், 19-ஆம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானார். தெற்கு இரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே ஆடினார். தேசியப் போட்டிகளில் இவர் ஈட்டிய பதக்கங்கள் 30. ஆசியப் போட்டிகளில் 9 முறை நாட்டுக்காகக் களம் இறங்கினார். மணமாகி, மகவு ஈன்ற பின்னரும் மீண்டும் பயிற்சி செய்து அணிக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்று, முதற்பிரிவுக்கு உயர்ந்த இந்திய அணியில் இவரும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது இவரைத் தேடி வந்தது.

தாய் களத்தில் நிற்கையில், பிள்ளையை ஏந்த வீட்டில் வேறு கரங்கள் வேண்டும். ஆகவே அந்தத் தாயிடம், "நகையும் சீரும் பேசும்போது, மகளின் ஆட்டத்தைப் பற்றியும் பேசுங்கள்" என்றேன்.

"அதனால் சம்பந்தம் முறிந்துவிட்டால், சாமி?"

"மணத்திற்குப் பின் மனம் முறிவதினும், அது நல்லதன்றோ அம்மா?"

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இக்கேள்வி எழலாம். மகளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.