கேட்கப்படாத சொற்கள்

உளச்சிகிச்சை ஓர் அறிவியல். அதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஃப்ராய்டையாவது படித்திருக்கலாம். மருத்துவரல்லாத தியோடர் ரைக் மீது வியன்னாவில் போலி மருத்துவக் குற்றச்சாட்டு எழுந்தபோது, 1926இல் ஃப்ராய்ட் அவர் தரப்புக்காக ஒரு நூலே எழுதினார். உளப்பகுப்பாய்வாளரின் பாடத்திட்டத்தில் நாகரிக வரலாறு, தொன்மவியல், சமய உளவியல், இலக்கியவியல் ஆகியவை இடம்பெற வேண்டும் என்றார். ஜெர்மனில் அவர் கையாண்டவை ‘நான்’, ‘அது’ என்னும் அன்றாடச் சொற்கள். ஆங்கில மொழிபெயர்ப்பே அவற்றை ‘ஈகோ’, ‘இட்’ என லத்தீனாக்கியது.

தமிழகத்துப் பயிற்சிக்கூடங்களோ அந்த லத்தீனையே ஓதுகின்றன. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். எதிரே அமர்பவரோ ‘நெஞ்சை அடைக்குது’ என்கிறார். இன்னொருவர் ‘மனசே விட்டுப்போச்சு’ என்கிறார். இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது அச்சமாகலாம், அழுது தீராத துக்கமாகலாம்; பின்னது வாழ்வின் மீதே பிடிப்பற்றுப் போனதன் அறிவிப்பாகலாம். இரண்டையும் ‘டிப்ரஷன்’ என்று குறித்து மதிப்பெண் இடுபவர் எதைத்தான் கேட்டார்?

அளவுகோல்கள் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அவையின்றேல் போலிகள் பெருகுவர். ஆனால் அளவுகோலுக்கு முன்னால் வருவது சொல். 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. தயங்கித் தயங்கி வாயில்வரை வந்த ஒருவரும் தம் மொழியில் கேட்கப்படாமல் திரும்பினால், மறுபடி வரமாட்டார்.

பயிற்சியின் முதலாண்டிலேயே தமிழ்ப் புனைகதையும் ஒப்பாரியும் பாடமாகட்டும். இது சலுகைக் கோரிக்கை அன்று. சிகிச்சையின் அடிப்படைத் தேவை என்கிறோம்.