மகள் நீக்கச் சொன்ன அத்தியாயம்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் தோழியின் முதல் நூல் வெளியீட்டுக்குச் சென்றிருந்தேன். நூலக அறை ஒன்றில் அறுபது எழுபது பேர். கறிபஃப், தேநீர், பொன்னாடை, அளவுக்குச் சற்று மிஞ்சிய வாழ்த்துரைகள் என எல்லாம் வழக்கம்போல நடந்தன. ஆனால் எனக்கு அது வழக்கமான மாலையாக இல்லை. அந்த நூல் எப்படி எழுதப்பட்டது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் நான்.

தோழி என்னுடன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கணக்கியல் துறையில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள், உடன் வசிக்கும் வயதான தாயார், நான்கறை வீவக வீடு. இரவு பாத்திரம் கழுவி முடித்து, பத்தரை மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். சில இரவுகளில் நான்கு வரி, பல இரவுகளில் அதுவும் இல்லை. இப்படியே ஏழு ஆண்டுகள். அச்சிட்ட 300 பிரதிகளுக்கும் தன் சேமிப்பிலிருந்துதான் பணம் கொடுத்தார்.

நூல் குடும்பத்தையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றியது. இதைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டத் தயாராகியிருப்பீர்கள். பெற்றோர் படிக்க வேண்டியதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இத்தகைய நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வருபவர்கள் நீங்கள். உங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று நீங்கள் பார்க்க வேண்டாமா?

பிள்ளை வளர்ப்பு என்றால் திருக்குறளின் ஏழாம் அதிகாரமான மக்கட்பேற்றில் தொடங்குவது நம் எழுத்தாளர்களின் பழக்கம். தோழி வீட்டு வாசலில் சிதறிக் கிடக்கும் காலணிகளில் தொடங்குகிறார். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் கோபத்தோடு வந்திருக்கிறார்கள் என்பதைக் காலணி கிடக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். எனக்கு மிகவும் பிடித்தது தேர்வு பற்றிய அத்தியாயம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பழைய டி-ஸ்கோர் முறை 2021இல் போய், 4 முதல் 32 வரையிலான அடைவுநிலை மொத்தம் வந்தது. ஒரே வயது மாணவர்களை நூலிழையில் தரம் பிரிக்கும் வழக்கம் குறையட்டும் என்பதற்காகத்தான் இந்த மாற்றம். ஆனால் முன்பு "250ஐத் தாண்டியாச்சா?" என்று கேட்ட அதே அத்தை இப்போது "ஒற்றை இலக்கமா?" என்று கேட்கிறார். தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் 2023க்குள் முற்றிலும் நீக்கப்பட்டது. "அந்த வாரத்தில் மகனுக்கு மாதிரித் தேர்வு வைக்கும்படி துணைப்பாட ஆசிரியரிடம் கேட்டவள் நானே" என்று தோழி எழுதியிருக்கிறார். ஊரைக் குறை சொல்லிவிட்டுத் தன்னை மட்டும் தள்ளி நிறுத்திக்கொள்ளாத எழுத்து அது.

குறைகள் இல்லாமல் இல்லை. கைப்பேசி பற்றிய அத்தியாயம் பள்ளிச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. கணவரோ நூல் முழுவதும் எங்கேயோ காரை நிறுத்திக்கொண்டே இருக்கிறார். அடுத்த நூலிலாவது அவர் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும்.

இனி, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் படியில் பதினான்கு அத்தியாயங்கள் இருந்தன. அவற்றில் அச்சான நூலில் இருப்பவை பதின்மூன்று. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தபோது, அவர் ஓர் அத்தியாயத்தின் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். "அம்மா, இது உங்க கதை இல்ல. எனக்கு நடந்தது" என்றாராம். தோழிக்குக் கடுமையான கோபம். இரண்டு வாரம் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. பெயரை மாற்றுகிறேன், வயதை மாற்றுகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தார். மகள் அசையவில்லை.

அந்த அத்தியாயத்தை நான் படித்திருக்கிறேன். நூலிலேயே சிறந்தது அதுதான். அதில் என்ன இருந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை.

என்னிடம் ஆலோசனை கேட்டபோது, "போடுங்கள், வளர்ந்தால் புரிந்துகொள்வாள்" என்றுதான் முதலில் சொன்னேன். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சிங்கப்பூரில் வெளியிடப்படும் ஒவ்வொரு நூலிலும் 2 பிரதிகளை 4 வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எழுதுபவருக்கு அது பெருமை. தோழியும் அதைத்தான் ஏழு ஆண்டுகளாகக் கனவு கண்டார். ஆனால் பதினைந்து வயதில் ஒருத்தி பட்ட அவமானம், அவள் பாட்டியான பிறகும் அந்த அலமாரியில் இருக்கும். அது அங்கே இருக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை அம்மாவுக்கா, மகளுக்கா? தோழி அத்தியாயத்தை எடுத்தார். அந்தத் தாள்களை உறையில் போட்டு மகளிடமே கொடுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் எளிதான கதை. காலியான இடத்தில் தோழி தன் தந்தையைப் பற்றி எழுதினார். தந்தை காலமாகி நீண்ட காலம் ஆகிவிட்டது. கணக்கில் தோற்ற நாளில் ரோத்தானால் அடித்துவிட்டு, அன்றிரவே உணவங்காடியிலிருந்து ரொட்டி பராட்டா வாங்கி வந்து, தூங்குகிற மகளின் தலைமாட்டில் வைத்த மனிதர். தோழியின் தாயார், "பராட்டாவ எழுது, ரோத்தான எழுதாதே" என்று கெஞ்சினார். தோழி இரண்டையும் எழுதினார். மகளின் சொல்லைக் கேட்டவர் தாயின் சொல்லைக் கேட்கவில்லை. அடி விழுந்தது தன் கையில், ஆகவே அது தன் கதை என்பது அவர் வாதம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும் வெளியீட்டு விழாவில் அந்தப் பகுதி வாசிக்கப்பட்டபோது, முன்வரிசையில் இருந்த அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்பக்கத்துக்கு நீங்கள் அனுப்பும் கட்டுரைகளிலும் குடிக்கும் அப்பா வருகிறார், அழும் அம்மா வருகிறார், தேர்வில் தோற்ற அண்ணன் வருகிறார். சில படைப்புகள் மிகச் சிறப்பாக இருக்கின்றன. "இதை அவர் படித்தாரா?" என்று இதுவரை நான் உங்களிடம் கேட்டதில்லை. இனிமேல் கேட்கப்போகிறேன். படித்திருக்கத்தான் வேண்டும் என்று நிபந்தனை போட மாட்டேன்; தோழியின் தாயாரை நினைத்தால் அப்படிப் போடவும் முடியாது. அதேபோல, உங்கள் தேர்வு முடிவையும் நீச்சல்குளப் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வீட்டில் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. மரியாதையாகச் சொல்லுங்கள்.

தோழியின் பெயரும் நூலின் பெயரும் இங்கே இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மகளின் வகுப்பில் இப்பக்கத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். இதை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடமும் காட்டினேன். இரண்டு வாக்கியங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். நூலைப் படிக்க விரும்புவோர் ஆசிரியர் குழுவுக்கு எழுதினால் விவரம் அனுப்புகிறேன்.

விழா முடிந்ததும் நூலாசிரியரின் பிள்ளைகளை மேடைக்கு அழைத்தார்கள். மகன் ஓடிப்போய் நின்றான். மகள் வரவில்லை. அவர் வெளியே விற்பனை மேசையில் உட்கார்ந்து மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். புத்தகம் வாங்கிய மூதாட்டி ஒருவர், "நீ படிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ பாட்டி," என்றார். "ஒரு தடவ சிவப்புப் பேனாவோட."