வாலிபன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காரியாபட்டியில் பத்திரிகை விற்பனையை முடித்துக்கொண்டு, தோழர்கள் ஐந்தாறு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாலிபர் ஒருவரும் உடனிருந்தார். வயது பத்தொன்பது. ஐ.டி.ஐ. படித்தவர். தினந்தோறும் காலையில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இரவு எட்டரை மணிக்கு ஊர் திரும்புகிறவர். அவருடைய தாயார் பட்டாசுத் தொழிலாளி. மூன்று வாரங்களாக அந்த வாலிபர் நமது வாசகர் வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார். அதில் நமக்கெல்லாம் மெத்த மகிழ்ச்சி.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் படிக்கிறார்கள்? எதைத்தான் பார்க்கிறார்கள்?" என்று பேச்சு வந்தது. பக்கத்திலேயே ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கும்போது நாமே ஏன் ஊகிக்க வேண்டும்? அவரிடமே கேட்டோம். அவரும் ஒளிவுமறைவின்றித் தமது அபிப்பிராயங்களைச் சொன்னார்.

புத்தகத்தைப் பற்றி: "பள்ளிக்கூடப் புத்தகம் தவிர நான் படிச்சது எல்லாம் படக்கதைப் புஸ்தகம்தான் அண்ணே. எட்டரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குறேன். அந்த நேரத்துல எந்த நூலகம் திறந்திருக்கும்?"

சினிமாவைப் பற்றி: "நம்ம ஜில்லாவைக் காட்டுனா அரிவாளைத்தான் காட்டுறாங்க. 'வெயில்' படம் மட்டும் எனக்குப் பிடிக்கும். அதுல வர்றவங்க நம்ம ஆளுக மாதிரியே இருந்தாங்க."

டெலிவிஷனைப் பற்றி: "நம்ம ஊரு வெடிச்சா மட்டும்தான் டிவியில வருது. மறுநாள் காணாமப் போயிடுது."

செல்போன் விளையாட்டைப் பற்றி: "பப்ஜியில நூறு பேர் ஆகாயத்துல இருந்து குதிக்கிறோம். குதிக்கும்போது எல்லாரும் வெறுங்கை. பணக்காரன் ஏழைன்னு கிடையாது. வெளியில அப்படி ஒரு இடம் இருந்தா சொல்லுங்க, அங்க வந்து விளையாடுறேன்."

அவர் இதைச் சொல்லி முடித்ததும், நம்மில் மூத்த தோழர் ஒருவர் சீறிவிட்டார். "எல்லாம் சீரழிவுக் கலாச்சாரம்! படக்கதையும் துப்பாக்கி விளையாட்டுமா ஒரு தொழிலாளி மகன் பேசுகிற பேச்சு?" என்றார். மற்றவர்கள் சிரித்தோம். ஆம், நாமும்தான் சிரித்தோம். வாலிபர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மறு வாரம் வாசகர் வட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இதில் தவறு யாருடையது? நம்முடையது. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்குகிறோம். அந்த வாலிபர் சொன்ன நாலு விஷயங்களையும் நிதானமாக யோசித்துப் பார்த்தோம். அவற்றில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. நாம் கவனிக்கத் தவறிய உண்மைகள்தான் இருந்தன.

முதலில் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்.

படக்கதை என்றதும் முகம் சுளிக்கிறோம். அந்தப் படக்கதைகள் எங்கிருந்து வந்தன? நமது சிவகாசியிலிருந்துதான்! 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் அங்கே பிறந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. கதைகள் பெரும்பாலும் அந்நிய நாட்டுக் கதைகளே. ஆனாலும் தமிழில் வேகமாக வாசிக்கும் பழக்கத்தை நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு அவை ஊட்டின என்பதை யார் மறுக்க முடியும்? நாமும் பள்ளி நாட்களில் பாடப் புத்தகத்துக்குள் மாயாவியை மறைத்து வைத்துப் படித்தவர்கள்தான். அதே கைதான் பின்னர் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் மூலம் மலிவு விலைக்கு வந்த ருஷ்யக் கதைகளையும் எடுத்தது. படக்கதை நம்மைக் கெடுத்துவிடவில்லை. அது முதல் படியாக இருந்தது. முதல் படியில் நிற்பவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் இரண்டாம் படி ஏறுவானா?

அடுத்த படியைக் காட்டினோமா என்பதே கேள்வி. காரியாபட்டித் தாலுகாவிலேயே இருக்கிறது மல்லாங்கிணறு. அந்த ஊரில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்வைச் சொல்லும் 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். இதே விருதுநகர் மாவட்டத்தின் மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கிராமத்தில் கடை நடத்திப் பிழைத்தவர். 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுதிக்காக 2007-ல் அதே விருது அவருக்குக் கிடைத்தது. தன் ஊர் மண்ணும் தன் ஊர் மனிதர்களும் புத்தகத்தில் ஏறியிருக்கிறார்கள் என்று அந்த வாலிபருக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை. மூன்று வாரம் வாசகர் வட்டம் நடத்திய நாமும் சொல்லவில்லை!

நூலக நேரத்தைப் பற்றி அவர் கேட்டது அதைவிடக் கூர்மையான கேள்வி. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாகாணம் நமது சென்னை மாகாணம்; ஆண்டு 1948. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற மேதையின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலாகிறது. குடிசை வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஆகவே நூலகம் சர்க்கார் போடும் தருமம் அல்ல. ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமை. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பிரம்மாண்டமான நூலகம், வரவேற்கிறோம். ஆனால் மதுரையில் பட்டறை வேலை முடிந்து, கடைசிப் பஸ் போய்விடுமோ என்று ஓடுகிற வாலிபருக்கு அதனால் என்ன பயன்? உழைப்பாளி வீடு திரும்பும் நேரத்தில் அவர் ஊர் நூலகம் திறந்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணி வரை ஒவ்வொரு தாலுகா ஊரிலும் நூலகம் திறந்திருக்க வேண்டும், அதற்கு வேண்டிய ஊழியர்களை நியமிக்க வேண்டும் என்று ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா? இல்லை.

இனி சினிமா.

அரிவாளையே காட்டுகிறார்கள் என்று வாலிபர் குறைப்பட்டுக்கொண்டார். அது நியாயமான குறை. வெயிலும் வறட்சியும் நிறைந்த நமது கரிசல் பூமியில் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டுவதைவிட, எப்படி வெட்டிக்கொள்கிறார்கள் என்று காட்டினால் டிக்கெட் அதிகம் விற்கும் என்பது முதலாளியின் கணக்கு. மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1960-ல் நிமாய் கோஷ் இயக்கத்திலும் எம்.பி. சீனிவாசன் இசையிலும் 'பாதை தெரியுது பார்' வெளிவந்தது. தொழிலாளர் வாழ்வைத் திரையில் கொண்டுவரத் துணிந்த படம் அது. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் கருகுவதை உலகத்துக்குக் காட்டிற்று. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-ல் 'வெயில்' எடுத்தார். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது.

இப்படங்களைக் குறை சொல்லவும் புகழவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவற்றை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் என்ன செய்தோம்? ஒரு வெள்ளைத் துணி, ஒரு புரஜக்டர், ஒரு தெருமுனை போதாதா? நல்ல படம் வரவில்லை என்று புலம்புவது எளிது. வந்த நல்ல படத்தை நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேச வைப்பதுதான் வேலை.

மூன்றாவது, டெலிவிஷன்.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று டெலிவிஷன் நிலையம் ஏற்பட்டது. 1987-ல் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகுதான் நமது தென் மாவட்டங்களில் அது பரவியது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அந்தப் பெட்டியை ஏழை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தது. பெட்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நம் வாழ்க்கை பெட்டிக்குள் போயிற்றா?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2024 மே 1, தொழிலாளர் தினத்தன்றே, நமது தாலுகாவின் ஆவியூர்ப் பக்கம் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அன்றெல்லாம் டெலிவிஷன் வண்டிகள் வந்தன. புகையைக் காட்டினார்கள், கதறும் தாய்மார்களைக் காட்டினார்கள், நிவாரணத் தொகையை அறிவித்தார்கள். மறுநாள் சீரியல் தொடர்ந்தது. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது யார்? நாலு பேர் வேலை செய்ய வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆட்களை அடைப்பது ஏன்? தீபாவளிக்கு முன் மூச்சுவிடாமல் வேலை வாங்கும்போது மருந்துக் கலவையில் உராய்வு ஏற்படாமல் என்ன செய்யும்? இவற்றைக் கேட்க ஒரு நிகழ்ச்சி உண்டா? "வெடிச்சா மட்டும்தான் டிவியில வருது" என்று அந்த வாலிபர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை, நாம் ஒரு பொதுக்கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசியிருப்போம். அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்போமா என்பது சந்தேகமே!

கடைசியில் விளையாட்டு. இதில்தான் நாம் அதிகம் சிரித்தோம்; அதிகம் யோசித்திருக்கவும் வேண்டும்.

விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. ஆன்லைன் ரம்மி போன்ற பண விளையாட்டுகள் எத்தனையோ குடும்பங்களின் தாலியை அறுத்தன. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து 2022-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆட்சேபங்களையும் வழக்குகளையும் கடந்து வந்த பின், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஆன்லைன் பண விளையாட்டைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. கூலியைச் சூறையாடும் இந்தக் கொள்ளையை எதிர்ப்பதில் நமக்குத் தயக்கமே கிடையாது. ஆனால் நமது வாலிபர் அதை ஆடவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டு ஆடுகிறார், அவ்வளவுதான். பப்ஜியை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021-ல் வேறொரு பெயரில் அதன் இந்தியப் பதிப்பு வந்துவிட்டது. தடையினால் மட்டும் ஒரு ஆசை ஒழிந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த விளையாட்டில் அவரை ஈர்த்தது எது? துப்பாக்கியா? அவர் துப்பாக்கியைச் சொல்லவே இல்லை. எல்லோரும் வெறுங்கையோடு, சமமாக, ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள் என்பதைத்தான் சொன்னார். தோழர்களே, சமத்துவத்தின் மீது ஒரு வாலிபனுக்கு இருக்கும் தாகமல்லவா இது? அந்தத் தாகத்தை ஒரு பன்னாட்டுக் கம்பெனி கண்டுகொண்டது, நாம் கண்டுகொள்ளவில்லை. அங்கேயும் விசேஷச் சட்டை, விசேஷத் துப்பாக்கித் தோல் என்று காசுக்கு விற்கிறார்கள், சமத்துவம் அங்கேயும் முழுமையில்லை என்பதை நாம் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்ட பிறகு எப்படிச் சொல்வது?

மேலும் ஒன்று. வெளியில் விளையாட இடம் இருந்தால் வருகிறேன் என்றார். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மைதானம், அதில் இரவு எட்டரைக்குப் பிறகும் எரிகிற நாலு விளக்கு, ஒரு வாலிபால் வலை: இதைக் கேட்க என்ன தடை?

சென்ற வாரம் அந்த வாலிபரின் வீட்டுக்குப் போனோம். அவர் இன்னும் திரும்பவில்லை. தாயார்தான் இருந்தார். அலுமினியப் பவுடர் படிந்த விரல்களை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். "அவன் சொல்லலையே" என்றவர், சிறிது நேரம் கழித்துப் பேசினார்: "நான் சின்னப் பிள்ளையில சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனேன். விடியிறதுக்கு முந்தி பஸ் வந்துரும். படக்கதைப் புஸ்தகம் அச்சாகுற ஊருதான் அது. நான் ஒண்ணையும் கையில எடுத்துப் படிச்சதில்ல. இவனாவது படிக்கிறான்னு எனக்குச் சந்தோசம். நீங்க அதுக்குப் போயி வையிறீகளே!"

நாம் தலைகுனிந்தோம்.

எட்டரை மணிக்கு வாலிபர் வந்தார். அன்று சிரித்தது தவறு என்று சொன்னோம். 'வெயில்' படத்தில், சினிமா பார்க்கப் போனதற்காகத் தகப்பன் மகனை வெயிலில் நிறுத்தித் தண்டிக்கிறான். மகன் வீட்டை விட்டே ஓடிவிடுகிறான். அந்தத் தகப்பனைப் போல நாமும் நடந்துகொண்டோம் என்றோம். அவர் சிரித்துவிட்டார். "வர்றேன் அண்ணே. ஆனா நீங்க பேசுறதை மட்டும் கேட்க வர மாட்டேன். நானும் பேசுவேன்" என்றார்.

அதுதான் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர் தெருவில் வெள்ளைத் துணி கட்டி 'வெயில்' திரையிடுகிறோம். படம் முடிந்ததும் முதலில் பேசப் போகிறவர் அவர். நூலக நேரத்துக்கும் மைதானத்துக்குமான மனுவில் அங்கேயே கையெழுத்து வாங்குகிறோம். சீறிய மூத்த தோழரும் வருகிறார். துணி கட்டக் கம்பு கொண்டுவரும் பொறுப்பை அவரே ஏற்றிருக்கிறார்.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வாலிபர் நம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அபிப்பிராயம் இருக்கிறது. உபதேசத்தை ஒரு நாள் ஒத்தி வைத்துவிட்டு, அவரைக் கேளுங்கள்!