முதற் கேள்விக்கே தோற்பதா?

உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை மடிக்கணினியில் நிறுவத் தொடங்குவாரை அப்பொறி முதன்முதல் வினவுவது பெயரன்று, ஊரன்று, கடவுச்சொல்லுமன்று. "எம்மொழி?" என்பதே அதன் முதற் கேள்வி. எதிரே விரியும் பட்டியலில் உலக மொழிகள் பலவற்றோடு 'தமிழ்' என்னுஞ் சொல்லும் தமிழெழுத்திலேயே நிற்கின்றது. அதனைத் தேர்வதற்குக் காசு வேண்டா, அரசாணை வேண்டா, சிறை புகவும் வேண்டா. ஒரு விரலசைவு போதும். ஆயினும் தமிழன் விரல் தமிழை விட்டு ஆங்கிலத்திலேயே போய் அமர்கின்றதே! எவர் கட்டாயப்படுத்தினார்? எந்த வெள்ளையன் அருகில் நின்று அதட்டினான்?

தி.ஆ. 2042இல், அஃதாவது 2011 செபுதம்பர் 15ஆம் நாள், தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வக்கோட்டை, விராலிமலை என எங்கணும் அரசுப் பள்ளியிற் பயின்ற உழவர் வீட்டுப் பிள்ளைகளின் மடியிலும் கணினி வந்தமர்ந்தது. வரவேற்கத்தக்க செயலே. அம்முதற் பொறிகளில் இயங்குதளங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, மைக்ரோசாபுட்டு நிறுவனத்தின் விண்டோசு. மற்றொன்று, நடுவணரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, தமிழிலும் இயங்கவல்ல பாசு இலினக்சு. தமிழறிந்த கணினி பிள்ளையின் மடியிலேயே இருந்தது! அதனைத் திறந்து காட்டிய ஆசிரியர் எத்துணைப் பேர்? "இது எதற்கு?" என்று அதனைத் துடைத்தெறிந்துவிட்டுக் கள்ளப்படி எடுத்த வட்டொன்றால் ஆங்கில விண்டோசையே முழுதும் நிரப்பிக் கொடுத்த கடைகள் எத்துணை? விலையின்றிக் கிடைத்த தாய்மொழியை அழித்து, திருடியேனும் அயன்மொழியை ஏற்றிக்கொள்ளும் மனத்திற்கு அடிமை மனம் என்பதன்றி வேறு பெயருண்டோ?

இந்நோய் அன்றுதான் தொடங்கியதுமன்று. 2005 ஏப்பிரல் 15இல் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டை நடுவணரசு சென்னையில் விலையின்றி வெளியிட்டது. இந்தித் திணிப்பிற்குப் பேர்போன தில்லி, இந்தி வட்டிற்கும் முன்பாகத் தமிழ் வட்டை வெளியிட்ட விந்தை அது! வந்த வட்டு எத்தனை வீடுகளில் உறையை விட்டு வெளிவந்தது?

பொறியில்தான் இந்நிலை என்றால், வாயிலும் இதே நிலைதான். "இன்ஸ்டால் பண்ணு", "சிடி பர்ன் பண்ணு" என்கின்றான் தமிழன். 'பண்ணு' மட்டுமே அவனுக்கு மிஞ்சிய தமிழ்! 'நிறுவு' என்னும் மூன்றெழுத்துச் சொல் அவன் நாவிற்குச் சுமையாயிற்றோ? வட்டினுள் தீ எரிவதுமில்லை. சீரொளிக் கதிர் வட்டின் சாயப் படலத்தைச் சூடாக்கி நுண்ணிய தடங்களை விட்டுச் செல்கின்றது. அத்தடங்களே அங்கு எழுத்து. அதற்குப் 'பொறித்தல்' என்பதே பொருந்திய சொல். அதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசற் குன்றின் கற்படுக்கையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழி எழுத்தைப் பொறித்து வைத்தான் தமிழன். கல்லிற் பொறித்தவன் வழிவந்தவன், வட்டிற் பொறிப்பதற்குச் சொல்லின்றி ஆங்கிலத்திடம் கையேந்துவதா?

"தமிழில் வைத்தால் புரியவில்லை" என்பர். ஆங்கிலம் மட்டும் பிறந்த அன்றே புரிந்ததோ? எலியைக் குறித்த 'மவுசு' கைக்கருவியைக் குறித்ததும் பழக்கத்தால் அன்றோ? 'கோப்பு', 'திருத்து', 'சேமி' என்பனவும் பத்து நாட் பழக்கத்தில் தாமே கைவந்துவிடும். "வேலை கிடைக்காது" என்பர். சப்பானியனும் கொரியனும் தத்தம் மொழியிலேயே கணினியை இயக்கிக்கொண்டு, அக்கணினியைச் செய்து உலகிற்கே விற்கவும் செய்தனர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. தன் வீட்டுப் பொறியைத் தன் மொழியில் ஆளுதற்கு அது தடையாவது எங்ஙனம்?

ஐசுலாந்தைப் பார்க்க! விண்டோசைத் தம் மொழியில் தருக என அந்நாட்டார் கேட்டனர். சந்தை சிறிது என்று மறுத்து வந்த மைக்ரோசாபுட்டு, 1999 சனவரியில் பணிந்து இசைந்தது. அன்று அந்நாட்டு மக்கள் மூன்று இலக்கத்திற்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்ட மக்கள் மட்டும் 16 இலக்கத்தினர். அவருள் ஐந்திலொரு பங்கிற்கும் குறைந்த மக்கள் ஒரு பெருநிறுவனத்தைப் பணிய வைத்தனர்! கணினிக்கு அயற்சொல் வேண்டாவெனத் தம் மொழியின் 'எண்', 'குறிசொல்பவள்' என்னும் இரு சொற்களை இணைத்துப் புதுச்சொல் படைத்தவரும் அவரே. தனித்தமிழை நகைப்பவர் ஐசுலாந்தையும் நகைப்பாரோ?

இழப்பு இனிமேல்தான் பெரிது. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவோரிற் பலர் கூலி பெறாத தன்னார்வலர். இரவு கண்விழித்து வரிவரியாகப் பெயர்த்தவர். ஒவ்வொரு பதிப்பிலும் புதுவரிகள் சேர்கின்றன. பயன்படுத்துவார் இல்லையெனில் பெயர்ப்பாரும் ஓய்வர். பெயர்ப்புக் குறைந்த மொழிகளைப் பட்டியலினின்று நீக்கிவிடுவதும் உண்டு. கேட்பாரற்றுத் தமிழ் நீங்கும் நாளில் எவரைக் குறைசொல்வது? அன்று பகைவன் வேண்டா. தமிழனின் புறக்கணிப்பே போதும்.

மேடையில் தமிழ் முழங்கிவிட்டு, வீட்டிற் கணினியை ஆங்கிலத்தில் திறக்கும் அன்பர்க்கும் இது பொருந்தும். குறுவட்டுக் காலம் போயிற்று. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு செருகும் வாயே இல்லை. ஒரு விரலி போதும். புதுக்கோட்டையில் தமிழாசிரியரும் கணினியாசிரியரும் ஒரு பிற்பகல் கூடி அமர்ந்தால் ஒரு பள்ளியின் கணினிகள் அனைத்தும் தமிழ் பேசும்.

கேள்வியைப் பொறி கேட்டுவிட்டது. விடை தமிழன் விரலில் இருக்கின்றது. தமிழைத் தேர்க! தமிழில் நிறுவுக! தமிழிற் பொறிக்க!