கைப்பேசியும் கூலிக் கணக்கும்

கோவிற்பட்டிப் பக்கத்துச் சிறு தீப்பெட்டிச் சாலைகளில் குச்சி அடைக்கும் மகளிர்க்குப் பெரும்பாலும் எண்ணிக்கைப்படியே கூலி. அவ்வெண்ணிக்கை கணக்கப்பிள்ளையின் நோட்டில் மட்டும் ஏறுவதாயின், வாரக் கடைசியில் ஐயம் எழுதல் இயல்பே. முன்பணப் பிடித்தமும் சேர்ந்தால் சொல்லவேண்டா.

இதற்குப் பெரிய யந்திரம் எதற்கு? முதலாளியின் கைப்பேசியிலே ஒரு கணக்கு அட்டவணை. மாலைதோறும் அன்றைய எண்ணிக்கையும் கூலியும் அவரவர்க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. பிழையுண்டேல் மறுநாளே திருத்தலாம். விரல்ரேகையாலும் முகப்படத்தாலும் வருகை பதியும் கருவிகளை நண்பர் சிலர் மெச்சுவர், யான் மெச்சேன். அவை தொழிலாளி வந்த நேரத்தை முதலாளிக்குச் சொல்லுமேயன்றி, முடித்த வேலையைத் தொழிலாளிக்குச் சொல்லா. 2016-இல் வந்த யூ.பி.ஐ. முறையால் கூலி நேரே வங்கிக் கணக்கிற் சேர்தல் எளிதாயிற்று. பிடித்தம் போனது எதற்கென்று அது விளக்காது.

கைப்பேசி மகனிடம் இருக்கும் பெண்ணுக்கு என் செய்வது? அவ்வரியையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவள் கையிற் கொடுக்க.