கழுவ நேரம் கொடுங்கள்

பால் ஆலைக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள், தலையில் தொப்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பாக்கெட் நிரப்பும் இயந்திரத்தின் வால்வைக் கழற்றிக் காட்டச் சொன்ன அதிகாரியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு கோடையில், காய்ச்சும்போதே பால் திரிந்துபோவதாகப் புகார் மேல் புகார் வந்தது. கொள்முதல் பாலில் குறையில்லை. பாஸ்சுரைசர் 72 டிகிரி, 15 விநாடி என்ற கணக்கில் ஒழுங்காகத்தான் ஓடியது. பால் போதிய அளவு சூடானதா என்று காட்டும் பாஸ்படேஸ் சோதனையும் தேறியது. அப்படியானால் சூடாக்கிய பிறகு, பால் போகிற வழியில் எங்கோ கிருமி சேர்கிறது. நிரப்பும் இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னேன். வெளிப்பக்க எஃகில் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. வால்வின் ரப்பர் கேஸ்கெட்டைத் திருப்பினால் அடியில் இளமஞ்சளாய் ஒரு வழுவழுப்பு, லேசான புளித்த வாடை. பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து வளர்த்தபோது, எண்ண முடியாதபடி தட்டு முழுக்கப் புள்ளிகள்.

"இதை யாருமே கழட்டுறதில்லையா?" என்றேன். இரவு ஷிப்டில் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி பதில் சொன்னார்: "கழட்ட நேரம் கொடுத்தாத்தானே மேடம்."

அந்த வழுவழுப்புதான் உயிரிப்படலம். எஃகிலோ ரப்பரிலோ பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து அதற்குள் பெருகும். தண்ணீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு குளோரின், பசைக்குள் இருக்கும் அதே கிருமியை அசைக்காது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்காமல் கிருமிநாசினி ஊற்றி வைப்பது போலத்தான் இது. கிருமி போகவில்லை என்றதும் குளோரினைக் கூட்டுகிறார்கள். அதுவோ எஃகையே அரித்து நுண்ணிய குழிகளை உண்டாக்கி, கிருமிக்கு இன்னும் வசதியான இடம் கொடுக்கிறது.

செய்ய வேண்டிய முறை தெரியாதது அல்ல. முதலில் தண்ணீர், பிறகு 70 டிகிரிக்கு மேல் காஸ்டிக் கரைசல், மறுபடி தண்ணீர், சுண்ணாம்புப் படிவைக் கரைக்க ஆசிட், மீண்டும் தண்ணீர், எல்லாம் போன பிறகு கடைசியில்தான் கிருமிநாசினி. குழாய்க்குள் கரைசல் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். குழாயில் முட்டுச்சந்து மாதிரி நிற்கும் கிளைகளுக்கும் கேஸ்கெட் இடுக்குக்கும் அந்த வேகம் எட்டாது. அங்கே பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. வேதிப்பொருள், வெப்பம், உராய்வு, நேரம் நான்கும் சேர்ந்ததுதான் கழுவுதல். உற்பத்தி அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது நேரம். பண்டிகைக் காலத்தில் பாதியாகக்கூடக் குறைத்துவிடுகிறார்கள்.

2008-இல் கனடாவில், மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் டொராண்டோ ஆலை இறைச்சியிலிருந்து லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இயந்திரத் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி தினமும் சுத்தம் செய்ததாக நிறுவனம் கூறியது. ஆனால் இறைச்சியைத் துண்டு போடும் இயந்திரங்களின் உட்பகுதியில், அன்றாடக் கழுவல் எட்டாத ஆழத்தில்தான் கிருமி தங்கியிருந்தது என்று முடிவுக்கு வந்தார்கள். லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது எமன்.

நம் ஆலை நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். உற்பத்தி அட்டவணை போடும்போதே கழுவும் நேரத்தையும் அதில் எழுதுங்கள். எந்தப் பண்டிகைக்கும் அதில் கை வைக்காதீர்கள். கழுவுகிறவர்களுக்குப் பயிற்சியும் நல்ல கூலியும் கொடுங்கள். விரிசல் விட்ட கேஸ்கெட்டை அன்றைக்கே மாற்றுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளே, நீங்கள் அடுத்த முறை வரும்போது பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லி ஒரு வால்வையாவது கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.