பொன் துகளும் ஒளிக்கதிரும்

புற்றுநோய் என்றதும் நம்மை அச்சம் பற்றிக்கொள்கிறது. அது முதிய ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயாக இருப்பின், அச்சத்தோடு நாணமும் சேர்ந்துகொள்கிறது. சுரப்பி முழுவதையும் அகற்றினாலோ கதிரியக்கத்திற்கு உட்படுத்தினாலோ, சிறுநீரை அடக்கும் ஆற்றலும் இல்லற ஆற்றலும் குன்றக்கூடும். இதற்கு அஞ்சியே தந்தையர் பலர் நோயின் அறிகுறியை மனைவியிடமும் கூறாது மறைக்கின்றனர்.

நோயுற்ற இடத்தை மட்டும் அழித்து, எஞ்சியதைக் காக்க வழியில்லையா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் என்னும் பெண் அறிஞர் இருவர் ஒரு வழி கண்டனர். மிக நுண்ணிய சிலிக்கா உருண்டையின்மேல் பொன்னை மெல்லிய தோல்போல் போர்த்தினர். இத்தகைய துகள்கள் சுமார் ஐந்நூற்றை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமயிரின் அகலம் நிரம்பும்.

இத்துகள்களை நரம்பு வழியே குருதியில் செலுத்துகின்றனர். புற்றுக்கட்டியின் குருதிக் குழாய்கள் செம்மையற்றவை, இடைவெளி மிக்கவை. ஆதலின் துகள்கள் அவ்வழியே கசிந்து கட்டியில் தங்குகின்றன. பின்னர், காந்த அதிர்வுப் படத்தையும் கேளா ஒலிப் படத்தையும் இணைத்துப் பார்த்து, கட்டி இருக்குமிடத்திற்கே மெல்லிய இழையைச் செலுத்தி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சுகின்றனர். பொன் அவ்வொளியை ஏற்று வெப்பமாக்குகிறது, கட்டி வெந்தழிகிறது. அளவோடு பாய்ச்சும் அவ்வொளி, பொன் தங்காத தசையை அவ்வாறு சுடுவதில்லை.

இம்முறையில் 16 நோயாளருக்குச் சிகிச்சை அளித்த ஆய்வின் முடிவு 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 15 பேருக்குச் சிகிச்சை திட்டமிட்டவாறே நிறைவேறியது. சிறுநீர் கழிப்பதிலும் இல்லற ஆற்றலிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை.

பதினாறு பேர் என்பது சிறு தொகை. நெடுநாள் நடைபெறும் பெரிய ஆய்வுகளில் தேறிய பின்னரே எம்மருத்துவமும் பொது வழக்கிற்கு வரும். ஆகவே, இதனை எதிர்பார்த்து, மருத்துவர் இன்று கூறும் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் பேதைமை. மேலும், அந்த 16 பேரும் நோய் சுரப்பிக்கு வெளியே பரவுமுன் கண்டறியப்பட்டவர்கள். உடலெங்கும் பரவிய நோய்க்கு இம்முறை பொருந்தாது.

மருத்துவரை மதிக்குமாறு சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. இல்லத்துப் பெரியவர் இரவில் பன்முறை எழுகிறாரா, சிறுநீர் கழிக்க இடர்ப்படுகிறாரா? இவை பெரும்பாலும் முதுமையின் விளைவே. எனினும் ஆராய்ந்து அறிவதே நலம். அன்னையரே, பிள்ளைகளே, அவரிடம் கனிவுடன் கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். மறைத்து வைத்த நோயை எந்த ஒளியும் சென்று தொட இயலாது.